அப்பாவின் மடிக்கணினியும் பாமினி எழுத்துருவும்

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் மடிக்கணினி நீலத்திரையில் போய் நின்றது. மூன்று முறை அணைத்துப் போட்டும், தானே பழுதுநீக்க முயல்வதாகச் சொல்லும் புள்ளிவட்டம் சுற்றியதே தவிர விண்டோஸ் 10 எழுந்துவரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு, அந்தப் பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியிருந்தது. 2019-இல் வாங்கிய கணினியாதலால் அதில் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி இருக்கிறது. விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளும். எப்படியும் செய்தே ஆக வேண்டியிருந்த ஒரு வேலையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கணினி தானாக நாள் குறித்துவிட்டது.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பணியில் இருந்த காலம் தொட்டு அவர் தட்டச்சு செய்துவைத்த கட்டுரைகள், எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய குறிப்புகள், பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் கணினிக்குக் கணினி மாறி இதில் வந்து சேர்ந்திருந்தன. அம்மா ஓர் அரிசி மண்டிக்கு வீட்டிலிருந்தபடியே எழுதிவந்த டேலி கணக்கும், பத்தாண்டுக் காலத்துப் புகைப்படங்களும் அதிலேயே இருந்தன.

கணினி இப்படி நின்றுவிட்டால் தெருமுனைக் கடைக்கு எடுத்துச்செல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். "ஃபார்மேட் அடிச்சு ஓ.எஸ். போட்டுடலாம், டேட்டா வேணுமா?" என்று அங்கே கேட்பார்கள். வேண்டும் என்றால் டி டிரைவைத் தொடாமல் விடுவார்கள். சி டிரைவில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு மூன்று கோப்புறைகளை எடுத்துவைப்பார்கள். 2011-இல் ஒரு கடையில் அவ்வாறு கொடுத்துத் திரும்பப் பெற்றபோது, தங்கையின் வளைகாப்புப் படங்கள் மட்டும் இல்லை. கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. படங்களை நாங்கள் வேறொரு மென்பொருளின் கோப்புறைக்குள் வைத்திருந்தோம். அவர் கேட்ட கேள்விக்கு எங்களுக்கே விடை தெரிந்திருக்கவில்லை. இயங்குதளத்தை நிறுவுவது ஒரு மணி நேர வேலை என்பதையும், நம்முடையவை எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடுவதே மிச்சமுள்ள இரண்டு நாள் வேலை என்பதையும் அன்றுதான் கற்றேன். இம்முறை கடைக்குப் போகவில்லை.

விண்டோஸ் எழவில்லை என்பதற்காக வன்தட்டில் உள்ளவை போய்விட்டதாகப் பொருளில்லை. என்னுடைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து அப்பாவின் மடிக்கணினியை இயக்கினேன். இப்படி இயக்கும்போது எதையும் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்தே ஒரு முழு இயங்குதளம் நினைவகத்தில் ஓடும், வன்தட்டு தீண்டப்படாமல் கிடக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: இவ்வாறு தயாரிக்கும்போது அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்த அனைத்தும் அழிந்துவிடும். கணினியின் தரவைக் காப்பாற்றும் ஆர்வத்தில், மேசை இழுப்பறையில் கைக்குக் கிடைத்த பென் டிரைவை எடுத்து, அதில் இருந்த அம்மாவின் வங்கி ஆவணங்களை நானே அழித்திருப்பேன். கடைசி நொடியில் திறந்து பார்த்ததால் தப்பின.

மின்ட் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது வன்தட்டின் உடல்நிலையை. வன்தட்டுகள் தம்மைத் தாமே கண்காணித்து எழுதிவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை மின்ட்டோடு வரும் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே வாசிக்கலாம். கெட்டுப்போன இடங்களுக்கு மாற்றாக ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே போனால், அந்தத் தட்டின் மேல் புதிய இயங்குதளத்தை நிறுவுவது இடிந்துவிழும் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். நல்லவேளையாக எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தது, பழுது மென்பொருளில்தான்.

சி டிரைவைத் திறந்தபோது, வாசிக்க மட்டுமே அனுமதி உண்டு என்று மின்ட் சொன்னது. விண்டோஸ் முறையாக அணையாமலோ, வேகத் தொடக்கம் என்ற பெயரில் பாதித் தூக்கத்திலோ நின்றிருந்தால் லினக்ஸ் இப்படித்தான் நடந்துகொள்ளும். பலர் இதைப் பிழை என்று நினைத்து நீக்க முயல்கிறார்கள். எனக்கு அது வரமாகவே பட்டது. கைதவறியும் எதையும் அழிக்க முடியாத நிலையில் நகலெடுப்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் கதை வேறு. விண்டோஸின் மறையாக்கக் கருவியான பிட்லாக்கரால் பூட்டிய தட்டு, 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லாமல் லினக்ஸுக்கும் திறக்காது, விண்டோஸுக்கும் திறக்காது. அந்தத் திறவுகோல் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியிலோ கைப்பேசியிலோ அந்தக் கணக்கில் நுழைந்து அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அப்பாவின் கணினியில் மறையாக்கம் இல்லாததால் எனக்கு அந்தச் சோதனை வரவில்லை.

அடுத்தது தேடல். யூசர்ஸ் கோப்புறைக்குள் அப்பாவின் பெயரில் இருந்தவற்றை முழுமையாக எடுப்பது என்று முடிவு செய்தேன். எது வேண்டும் எது வேண்டாம் என்று அந்த நேரத்தில் ஆராய்வது ஆபத்து. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் ஆகியவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராதது ஆப்டேட்டா. விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். ஆனால் லினக்ஸ், புள்ளியில் தொடங்கும் பெயர்களை மட்டுமே மறைக்கும் வழக்கமுடையதாதலால், அது மற்றவற்றோடு சேர்ந்து வெளிப்படையாகவே தெரிந்தது. உலாவியின் புத்தகக்குறிகள், தண்டர்பேர்டில் இறங்கியிருந்த பழைய மின்னஞ்சல்கள், ஸ்டிக்கி நோட்ஸ் என்ற மஞ்சள் சீட்டுகளில் அம்மா எழுதிவைத்த கடன் பாக்கிக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் வாழ்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபயர்பாக்ஸின் புரொஃபைல் கோப்புறையை அப்படியே எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் வைத்தால் சேமித்த கடவுச்சொற்களும் கூடவே வந்துவிடும். குரோமில் அப்படி நடக்காது; அதன் கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்த திறவுகோலால் பூட்டப்பட்டவை என்பதால், கோப்புறையை நகலெடுத்தாலும் புதிய நிறுவலில் அவை திறக்கா. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூகுள் கணக்கோடு ஒத்திசைத்திருக்க வேண்டும், அல்லது தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்திருக்க வேண்டும். அப்பா இரண்டும் செய்யவில்லை. ஆனால் அவர் எந்தக் கடவுச்சொல்லையும் கணினியை நம்பி விட்டதில்லை. ஒரு பழைய நாட்குறிப்பில், யாருக்கும் புரியாத சுருக்கக் குறிகளோடு, அத்தனையையும் எழுதிவைத்திருந்தார். பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிக்கக்கூடும். அன்று அந்த நாட்குறிப்பைவிட நல்ல காப்பு எங்களிடம் இல்லை.

டேலியின் தரவு யூசர்ஸ் கோப்புறையிலேயே இல்லை. அம்மா பயன்படுத்தியது பழைய ஈ.ஆர்.பி. 9 பதிப்பு. அதில் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே டேட்டா என்ற பெயரில் ஓர் இடம் இருக்கும்; அதற்குள் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் 10000, 10001 என்பது போன்ற வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளில் கிடக்கும். பெயரைப் பார்த்து அது ஓர் அரிசி மண்டியின் ஏழாண்டுக் கணக்கு என்று யாரும் ஊகிக்க முடியாது. கடைகளில் ஃபார்மேட் செய்யும்போது அதிகம் பலியாவது இதுதான் என்று கணக்கர்கள் சொல்லிப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இன்னொரு பொறி. சில ஆண்டுகளுக்கு முன் நானே ஏற்படுத்திக்கொடுத்த ஒரு கணக்கின் வழியாக, அப்பாவின் டெஸ்க்டாப் கோப்புறை ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்திருந்தது. அதில் பல கோப்புகளுக்குப் பெயரும் அளவும் மட்டுமே இருந்தன. உள்ளடக்கம் மைக்ரோசாப்டின் வழங்கியில் இருந்தது. தட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸ் செய்யும் ஏற்பாடு இது. விண்டோஸில் சிறிய மேகச் சின்னம் அதைக் காட்டிக்கொடுக்கும். லினக்ஸில் அவை உடைந்த இணைப்புகளாகத் தெரிந்தன. நகலெடுத்துவிட்டேன் என்று நினைத்து வெறும் பெயர்ப்பலகைகளைச் சுமந்துகொண்டு போயிருப்பேன். ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் நுழைந்து அவற்றைத் தனியே இறக்கிக்கொண்டேன்.

டி டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "முக்கியமானதெல்லாம் டி-யில் போட்டுவை" என்ற அறிவுரை நம் ஊர்க் கணினிப் பயிற்சி மையங்கள் வழியாக ஒரு தலைமுறைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சி-யை ஃபார்மேட் செய்யும்போது டி தப்பும் என்ற அளவில் அது சரி. ஆனால் இரண்டும் ஒரே தட்டில் போட்ட இரண்டு கோடுகள்தாம். தட்டு கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் டி-யையும் முழுவதுமாக நகலெடுத்தேன்.

ஒரு நகலை வெளி வன்தட்டிலும் இன்னொன்றை என் சொந்தக் கணினியிலுமாக இரண்டு நகல்கள் எடுத்தேன். வெளி வன்தட்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இருந்தது. பழைய ஃபேட்32 அமைப்பாக இருந்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. தங்கையின் திருமணக் காணொலி 11 ஜிபி. இரண்டாவது நகலில்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளின் பெயர் மிக நீளம் என்று சொல்லி என் கணினி அவற்றை மறுத்துவிட்டது. கட்டுரையின் தலைப்பு, துணைத்தலைப்பு, எந்தப் பத்திரிகைக்கு என்றைக்கு அனுப்பியது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அப்பா கோப்புக்குப் பெயரிடுவார். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடமுண்டு. என் லினக்ஸ் கணினியில் உள்ள எக்ஸ்ட்4 அமைப்பிலோ வரம்பு 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், தமிழின் ஒவ்வொரு குறியீடும் இங்கே மூன்று பைட் எடுக்கும். 'கி' என்ற ஓர் எழுத்தே 'க'வும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், ஆறு பைட். அப்படியானால் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும், அதாவது ஏறத்தாழ ஐம்பது எழுத்துகள். நல்ல தமிழில் விரிவாகப் பெயர் வைக்கும் ஒருவருக்கு இது போதாது. அந்தக் கோப்புகளை மட்டும் ஒரு சிப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன்.

நகலெடுத்து முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டேன். பிறகு வேறொரு கணினியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். திறந்து பார்க்காத நகல் நகலாகாது என்பது வளைகாப்புப் படங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. விண்டோஸ் கோப்புறையை மட்டும் எடுக்கவில்லை. அது இயங்குதளத்தின் சொத்து, அதில் நம்முடையது என்ன இருக்கப்போகிறது என்று எண்ணினேன்.

நிறுவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்திருந்தால், அதற்குள்ளிருந்தே நிறுவியை இயக்கிக் கோப்புகளையும் மென்பொருள்களையும் இருந்தபடியே வைத்துக்கொண்டிருக்கலாம். ரீசெட் என்ற வழியில் 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தால், பயனர் கோப்புகள் தங்கும், தனியே நிறுவிய மென்பொருள்கள் போகும். இரண்டுமே எங்களுக்கு வாய்க்கவில்லை. பழுதுநீக்கப் பகுதியே சிதைந்திருந்தது. எனவே விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை மற்றொரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து தொடங்கினேன். வெளி வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகே அதைச் செய்தேன். எந்தத் தட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரியா. தட்டு 0 பிரிவு 1, பிரிவு 2 என்று எண்களும் அளவுகளும் மட்டுமே வரிசையாக நிற்கும். நகல் வைத்திருக்கும் தட்டும் அங்கே நின்றால், தூக்கக் கலக்கத்தில் தவறான வரியை அழிக்க ஒரு சொடுக்கு போதும். முன்கூட்டியே ஒவ்வொரு பிரிவின் அளவையும் ஒரு தாளில் குறித்துவைத்திருந்தேன்.

அந்தப் பதிப்பின் நிறுவி, கோப்புகள், செயலிகள், அமைப்புகள் யாவும் அழிக்கப்படும் என்பதற்கு ஒப்புதல் தெரிவித்து ஒரு கட்டத்தில் குறியிடச் சொல்கிறது. பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். "எல்லாம் ரெண்டு இடத்துல இருக்குப்பா" என்று அலமாரியைக் காட்டிய பிறகே விட்டார். பழைய சி பிரிவையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் ஃபார்மேட் பொத்தானைத் தொடவில்லை. அப்படிச் செய்தால் பழைய விண்டோஸையும் யூசர்ஸ் கோப்புறையையும் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஒரு கோப்புறைக்குள் ஒதுக்கிவிட்டுப் புதியது குடிவரும். தட்டில் இடம் இருந்தால் இது ஒரு கூடுதல் காப்பு. ஆனால் பத்து நாள் கழிந்தால் விண்டோஸ் தானே அதை அழித்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. உரிமக் குறியீடு கேட்ட இடத்தைத் தாண்டிச் சென்றேன். முன்பு இருந்த அதே ஹோம் பதிப்பை நிறுவியதால், கணினியின் வன்பொருளோடு பிணைந்த உரிமம் இணைய இணைப்புக் கிடைத்ததும் தானே செயலுக்கு வந்தது. மைக்ரோசாப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் இந்தப் பதிப்பு தட்டை மறையாக்கம் செய்துவிடக்கூடும் என்பதால், அதற்கான 48 இலக்கங்களை அப்பாவின் நாட்குறிப்பில் எழுதச் செய்தேன். சுருக்கக் குறி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

என் கையில் ஒரு புதிய எஸ்.எஸ்.டி. இருந்திருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டேன். பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் நிறுவினால், பழையது தொடப்படாத முழு நகலாகவே நின்றிருக்கும். வேலை செய்கிற பொருளுக்கு எதற்குச் செலவு என்பார் அப்பா.

மாலையில் கோப்புகளைத் திரும்ப வைத்து, வேர்டை நிறுவி, அப்பாவை நாற்காலியில் அமரச் செய்தேன். ஏரியைப் பற்றிய கட்டுரையைத் திறந்தார். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார்.

கோப்பில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. குறைந்தது எழுத்துரு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் தட்டச்சுக்குப் பயன்பட்ட பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அதன் விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஒட்டியது. தட்டச்சு நிலையத்தில் 'யளனகப' என்று விரல் பழக்கித் தேர்வில் தேறியவர் அப்பா. கணினி வந்தபோது பாமினி அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் அவர் பாமினியிலேயே தொடர்ந்தார். கைப்பேசியில் எழுதத் தொடங்கிய பின்னரே யூனிகோடு அவர் வீட்டுக்குள் வந்தது. யூனிகோடுத் தமிழைக் காட்டும் நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு வருகிறது. பாமினி வராது, யாரோ எப்போதோ நிறுவித் தந்தது. அது இருந்த இடம், நம்முடையது ஒன்றும் இருக்காது என்று நான் விட்டுவிட்ட விண்டோஸ் கோப்புறைக்குள், ஃபான்ட்ஸ்.

விண்டோஸ்.ஓல்ட் இருந்ததால் பிழைத்தேன். அதனுள் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறை அப்படியே இருந்தது. பாமினியோடு வேறு ஆறு பழைய தமிழ் எழுத்துருக்களையும் எடுத்து நிறுவி, வேர்டை மூடித் திறந்ததும் ஏரி திரும்பி வந்தது. தனிப் பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள்ளும் இருக்கக்கூடும். அங்கேயும் இரண்டு கிடைத்தன. இணையத்தில் பாமினி கிடைக்காதா என்று கேட்கலாம், கிடைக்கும். ஆனால் ஒரே பெயரில் சிற்சில எழுத்துகள் இடம்மாறிய பதிப்புகளும் உலவுகின்றன. எந்த எழுத்துருவில் அடித்தோமோ அதையே வைத்திருப்பதே உத்தமம்.

எழுத்துருவைக் காப்பாற்றியது தற்காலிகத் தீர்வுதான் என்பதால், கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மறுவாரம் தொடங்கினோம். மாற்றித் தரும் நிரல்கள் பல உண்டு, நாங்கள் என்.எச்.எம். கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினோம். முழுக்கத் தமிழாக இருந்த பக்கங்கள் நொடியில் மாறின. ஆனால் கட்டுரையின் நடுவே அப்பா ஆங்கிலத்தில் எடுத்தாண்ட பொதுப்பணித் துறை அறிக்கையின் பத்திகளும் பாமினி என்றே கருதப்பட்டு, வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் கோவைகளாக உருமாறின. எது தமிழ், எது ஆங்கிலம் என்று அந்தக் கோப்பில் எழுத்துருவின் பெயர் ஒன்றே சொல்லிக்கொண்டிருந்தது. வெறும் உரையாக ஒட்டியபோது அந்த அடையாளம் உதிர்ந்துவிட்டது. ஆகவே ஆங்கிலப் பத்திகளை முன்பே பிரித்தெடுத்து வைத்துவிட்டு மாற்றுகிறேன். அப்பா அச்சுப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்புநோக்குகிறார். காலையில் இரண்டு பக்கம், மாலையில் இரண்டு பக்கம்.

பழைய எழுத்துருக்கள் இப்போது வெளி வன்தட்டிலும், டி டிரைவிலும், என் கணினியிலும் இருக்கின்றன. மாற்றி முடித்த முதல் கோப்புக்கு அப்பாவே பெயர் சூட்டினார். எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு எழுத்துகள்.